காலையில் 31, மாலையில் 28

கேள்வி: ஏறி நின்றால் கொழுப்புச் சதவீதமும் காட்டும் எடைக்கருவி ஒன்று என்னிடம் இருக்கிறது. காலையில் எழுந்ததும் 31 காட்டுகிறது, மாலையில் 28. ஒரே நாளில் கொழுப்பு எப்படிக் குறையும்? கருவி பழுதா?
– ஒரு வாசகி

பதில்: கருவி பழுதில்லை அம்மா. கொழுப்பும் குறையவில்லை. உடம்புக்குள் நீர் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தக் கருவி கொழுப்பை நேராக அளப்பதில்லை. உள்ளங்கால் வழியாக நமக்குத் தெரியாத அளவு மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தி, உடம்பு அதை எவ்வளவு மறிக்கிறது என்று பார்க்கிறது. இதுதான் மின்மறிப்பு. நீரும் உப்பும் நிறைந்த தசையில் மின்சாரம் சுலபமாக ஓடும், கொழுப்பில் திணறும். மறிப்பு குறைந்தால் ‘கொழுப்பு குறைவு’ என்று கருவி கணக்குப் போட்டுவிடும்.

இரவெல்லாம் படுத்திருக்கும்போது காலிலிருக்கும் நீர் மேலே ஏறிவிடுகிறது. அதனால் காலையில் காலின் மறிப்பு கூடுதல். பகலெல்லாம் நின்று நடந்தால் நீர் திரும்பக் காலுக்கு இறங்கும், மறிப்பு குறையும். நின்று பார்க்கும் கருவியில் மின்சாரம் ஒரு காலில் ஏறி மறுகாலில் இறங்குவதால் இந்த மாற்றம் அப்படியே எண்ணில் தெரியும்.

நான் சிறுநீரக நோயாளிகளைப் படுக்க வைத்து இந்த அளவை எடுப்பவள். ஒருநாள் ஒரு பெரியவருக்கு மறிப்பு முந்தின வாரத்தைவிட ரொம்பவே இறங்கியிருந்தது. உடம்பில் நீர் கோத்துவிட்டதோ என்று பதறிப்போனேன். போர்வையை விலக்கினால், தொடைகள் இரண்டும் ஒட்டிக் கிடக்கின்றன, கை இடுப்போடு சேர்ந்திருக்கிறது. தோலோடு தோல் தொட்டால் மின்சாரத்துக்குக் குறுக்குவழி கிடைத்துவிடும். தொடைகளுக்கு நடுவே மடித்த துண்டை வைத்து, கையை 30 பாகை விலக்கி மறுபடி அளந்தேன். பழைய எண்ணே வந்தது. அன்றிலிருந்து போர்வையை விலக்கிப் பார்க்காமல் நான் பொத்தானைத் தொடுவதில்லை. நடந்து வந்தவரைப் பத்து நிமிடமாவது படுக்க வைத்த பிறகுதான் அளக்கிறேன்.

உங்களுக்கு, தினமும் ஒரே நேரம், ஒரே நிலை. காலை என்றால் காலையே. உடற்பயிற்சி முடித்த கையோடு ஏறாதீர்கள். சூடேறி வியர்த்த தோலும் மறிப்பைக் குறைக்கும். கால்களை அகட்டி, அசையாமல் நில்லுங்கள். அப்புறம், வீட்டில் யாருக்காவது பேஸ்மேக்கர் பொருத்தியிருந்தால் அவர்களை மட்டும் இதில் ஏற விடாதீர்கள்.