வரலாற்று ஆய்வுக் கட்டுரை: உங்கள் ஊர் வாய்க்காலில் இருந்து தொடங்குங்கள்

கேள்வி: முதுகலை வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் பெருந்துறைக்குப் பக்கம். 'கொங்கு நாட்டு நீர்ப்பாசன வரலாறு' என்ற தலைப்பில் 25 பக்க ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். காலிங்கராயன் வாய்க்கால் பற்றி இணையத்தில் கிடைத்ததை எல்லாம் படித்துவிட்டேன். எல்லாவற்றிலும் ஒரே செய்திதான். புதிதாக நான் என்ன எழுத முடியும்? சென்னை ஆவணக் காப்பகத்துக்குப் போய்த் தங்கிப் பார்க்க வசதி இல்லை.

பதில்: எல்லாப் பக்கங்களும் ஒன்றையே சொல்கின்றன என்று கவனித்திருக்கிறீர்களே, அதுவே நல்ல தொடக்கம். ஒருவர் எழுதியதைப் பார்த்து அடுத்தவர் எழுதினால் அப்படித்தான் இருக்கும். பவானியையும் நொய்யலையும் இணைக்கும் இந்த வாய்க்கால் 'உலகின் முதல் நதிநீர் இணைப்பு' என்ற வரியைப் பல இடங்களில் பார்த்திருப்பீர்கள். அதற்கு எங்காவது அடிக்குறிப்பு இருந்ததா? சான்று காட்ட முடியாத வரி, நம் ஊருக்கு எவ்வளவு பெருமை சேர்த்தாலும், உங்கள் கட்டுரையில் வேண்டாம்.

உண்மையான சிக்கல் தலைப்பில் இருக்கிறது. காலிங்கராயன் வாய்க்கால் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அங்கிருந்து இன்று வரை 700 ஆண்டுக்கு மேல். இடமோ சத்தியமங்கலம் முதல் கரூர் வரை. 25 பக்கத்தில் இதை எழுதினால் தகவல் தொகுப்பாகத்தான் நிற்கும். ஊரைச் சுருக்குங்கள், காலத்தைச் சுருக்குங்கள், பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

கீழ்பவானித் திட்டம் 1948 முதல் 1955 வரை கட்டப்பட்டது. பவானிசாகர் அணையில் இருந்து வரும் அந்த வாய்க்கால் உங்கள் வட்டாரத்தின் வழியாகத்தான் போகிறது. உங்கள் ஊர் நிலம் அதில் பாய்கிறது என்றால் கேள்வி தயார்: 'கீழ்பவானித் தண்ணீர் வந்த பிறகு, 1955 முதல் 1970 வரை, எங்கள் ஊரில் கவலை இறைப்பும் அதை நம்பியிருந்த வேலைகளும் என்ன ஆயின?' கவலை என்றால் மாடு பூட்டித் தோல் பையில் கிணற்றுத் தண்ணீர் இறைப்பது. இந்தக் கேள்விக்கான விடை எந்த இணையப் பக்கத்திலும் இருக்காது. உங்கள் ஊரில் இருக்கிறது.

சான்றுகளுக்கு வருவோம். 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இருந்து மாவட்டக் கையேடுகள் வெளிவந்தன. 1951 வாய்க்காலுக்கு முன், 1961 வாய்க்காலுக்குப் பின். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இரண்டு ஆண்டுகள் கிடைக்காது. ஆனால் 'ஈரோடு மாவட்டம்' என்று தேடினால் எதுவும் அகப்படாது. ஈரோடு 1979-ல்தான் தனி மாவட்டமானது. அதற்கு முந்தைய ஆவணம் எல்லாம் கோயம்புத்தூர் பெயரில் இருக்கும். உங்கள் நண்பர் யாராவது கரூர் பற்றி எழுதினால் இதையும் சொல்லுங்கள்: கரூர் 1910 வரை கோவை மாவட்டத்தில் இருந்தது, பிறகு திருச்சிக்குப் போனது. இது தெரியாமல் தப்பான மாவட்டத்தின் ஆவணக் கட்டைப் புரட்டிவிட்டுச் சான்றே இல்லை என்று முடிவு கட்டும் மாணவர்கள் நிறைய.

பழைய நிலவரத்துக்கு இரண்டு பேரைப் படியுங்கள். திப்பு வீழ்ந்த மறு ஆண்டு, 1800-ல், கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் பிரான்சிஸ் புக்கானன் இந்தப் பக்கம் வந்து விதை, விளைச்சல், கூலி, தறி என்று கேட்டு எழுதினார். அது 1807-ல் மூன்று தொகுதிகளாக வந்தது. ஆங்கிலேய அதிகாரி நிக்கல்சன் தொகுத்த கோயம்புத்தூர் மாவட்ட மேனுவல் (மாவட்ட விவர நூல்) 1887-ல் வந்தது. இரண்டுமே இணையத்தில் கிடைக்கும். படிக்கும்போது, யாருக்காக எழுதினார்கள் என்பதை மறக்காதீர்கள். புக்கானனை அனுப்பியது கம்பெனி அரசு. புதிதாகக் கைக்கு வந்த நாட்டில் என்ன விளையும் என்று அதற்குத் தெரிய வேண்டியிருந்தது. அவர் பொய் சொல்கிறார் என்று சொல்லவில்லை. அவர் கேட்காமல் விட்டது என்ன என்றும் யோசியுங்கள் என்கிறேன்.

வீட்டுப் பெட்டியில் இருக்கும் பத்திரங்களும் சான்றுதான். தேதி பார்க்கும்போது மட்டும் கவனம். 'தாது வருஷம்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது பெரும் பஞ்சம் வந்த 1876 ஆகவும் இருக்கலாம், 1936 ஆகவும் இருக்கலாம். தமிழ் வருடப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். அப்போது முத்திரைத் தாளைப் பாருங்கள். ராணி தலை இருந்தால் முந்தையது, ராஜா தலை இருந்தால் பிந்தையது. எப்படி முடிவு செய்தீர்கள் என்பதை அடிக்குறிப்பில் ஒரு வரி எழுதினால் போதும். நெறியாளர் உங்களை மதிப்பது அந்த ஒரு வரிக்காகத்தான் இருக்கும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது பேட்டி. 1955-ல் 15 வயதில் கவலை ஓட்டியவருக்கு இப்போது 85-ஐத் தாண்டியிருக்கும். நூலகம் அடுத்த மாதமும் திறந்திருக்கும். அவர் உடம்பு எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. 'வாய்க்கால் வந்து வாழ்க்கை முன்னேறிச்சுங்களா?' என்று கேட்காதீர்கள். 'ஆமாங் கண்ணு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். 'முதல் தண்ணி வந்த வருஷம் காட்டுல என்ன போட்டீங்க? அதுக்கு முன்னால எத்தனை சோடி மாடு கட்டியிருந்தீங்க? உங்களுது ஒத்தைப்படை மதகா, ரெட்டைப்படை மதகா?' என்று கேளுங்கள். கீழ்பவானியில் ஒத்தைப்படை எண் மதகுகளுக்கும் ரெட்டைப்படை எண் மதகுகளுக்கும் தண்ணீர் முறை மாறி மாறி வரும்; ஒரு ஆண்டு நஞ்சைத் தண்ணீர் பெறும் மதகுகளுக்கு அடுத்த ஆண்டு புஞ்சைத் தண்ணீர்தான். அதனால் மதகைக் கேட்டால் பயிர், கடன், கூலி எல்லாம் தானாகப் பேச்சில் வந்துவிடும்.

தோட்டத்துச் சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையோடு நிறுத்திவிடாதீர்கள். கவலைக்குத் தோல் பறி தைத்துக் கொடுத்தது அருந்ததியர் குடும்பங்கள். அந்த வேலைக்குத் தானியமாகக் கூலி வாங்கியவர்கள். கவலை நின்றபோது அவர்களுக்கு என்ன ஆனது? வயலில் நாற்று நட்ட பெண்களுக்கு வேலை நாள் கூடியதா? என்னைக் கேட்டால் உங்கள் கட்டுரையின் உயிரே இங்கேதான் இருக்கிறது. இவர்கள் பெயரில் பத்திரம் இருக்காது, பட்டா இருக்காது. நீங்கள் போய்க் கேட்காவிட்டால் ஏட்டில் ஏறாமலே போய்விடும்.

நினைவு தப்பும் என்பதும் உண்மைதான். ஒருவர் சொல்லும் ஆண்டை அப்படியே எடுக்காமல், 'அப்ப உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சுங்களா, மூத்தவர் பிறந்துட்டாருங்களா?' என்று கேட்டுச் சரிபாருங்கள். பதிவு செய்ய அனுமதி கேளுங்கள். பெயர் போட வேண்டாம் என்றால் போடாதீர்கள்.

அடிக்குறிப்பைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். குறிப்பு எடுக்கும்போதே நூல், ஆண்டு, பக்கம் மூன்றையும் எழுதுங்கள். பிறர் சொற்களுக்கு மேற்கோள் குறி போடுங்கள். பிறர் கருத்தை உங்கள் நடையில் சொன்னாலும் அடிக்குறிப்பு வேண்டும். செயற்கை நுண்ணறிவுச் செயலி தரும் நூல் பட்டியலை நம்ப வேண்டாம், இல்லாத புத்தகத்துக்கும் அது பக்க எண் கொடுக்கும்.

அப்புறம், தலைப்பை நீங்களாக மாற்றிவிடாதீர்கள். கேள்வி, கால எல்லை, கைவசம் உள்ள சான்றுகள், பேட்டி எடுக்கப்போகும் ஆட்கள் யார் யார் என்று ஒரே பக்கத்தில் எழுதி நெறியாளரிடம் கொடுங்கள். துறைத் தலைவர் கையெழுத்துடன் ஓர் அறிமுகக் கடிதமும் அப்போதே கேட்டு வாங்குங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் பழைய பதிவேடு பார்க்கக் கேட்கும்போது அது கையில் இருக்க வேண்டும்.