வைரம் இரண்டு நாட்டிலும் இருந்தது

கேள்வி: மண்ணுக்கடியில் வைரமும் எண்ணெயும் கொட்டிக் கிடந்தும் சில நாடுகள் ஏழையாகவே இருக்கின்றன. 2024-ல் பொருளாதார நோபல் பெற்ற மூவர் 'அமைப்புகள்தான் காரணம்' என்கிறார்களாம். அது என்ன அமைப்பு? (வாசகர், கரூர்)

பதில்: போட்ஸ்வானா, சியரா லியோன் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஆப்பிரிக்க நாடுகள், 1960-களில் பிரிட்டிஷாரிடமிருந்து விடுதலை பெற்றவை, இரண்டிலும் வைரம்.

1966-ல் விடுதலை பெற்றபோது போட்ஸ்வானா முழுவதும் தார்ச்சாலை 12 கிலோமீட்டர், பட்டதாரிகள் 22 பேர், அவ்வளவுதான். கடற்கரை கிடையாது, பெரும்பகுதி கலஹாரி பாலை. மழைக்கு அப்படி ஏங்கிய நாடு என்பதால் பிற்பாடு தங்கள் பணத்துக்கே 'புலா', அதாவது மழை, என்று பெயர் வைத்தார்கள். விடுதலைக்கு அடுத்த வருடமே ஓராபா என்ற இடத்தில் வைரம் அகப்பட்டது. அது முதல் ஜனாதிபதி செரெட்சே காமாவின் சொந்த இனக்குழுவின் நிலம், அவரே அந்தத் தலைவர் வம்சம் வேறு! எங்கள் மண், எங்களுக்கே என்று அவர் சொல்லியிருந்தால் மறுக்க யார் இருந்தார்கள்? ஆனால் கனிம உரிமை எந்தக் குழுவுக்கும் இல்லை, நாட்டுக்குத்தான் என்று 1967-லேயே சட்டமாக்கினார்கள். வைரம் எடுத்த டி பியர்ஸ் நிறுவனத்தோடு பேரம் பேசி, 15 சதவீதமாக இருந்த அரசின் பங்கை 1975-ல் சரிபாதியாக்கினார்கள். அந்தப் பணம் சாலையாக, பள்ளிக்கூடமாக, ஆஸ்பத்திரியாக மாறியது.

அமைப்பு என்றால் இதுதான், கை நீட்டக்கூடியவனின் கையைக் கட்டிப்போடும் விதி. அது வானத்திலிருந்து குதிக்கவில்லை. அங்கே ஊருக்கு ஊர் 'கோட்லா' என்று ஒரு சபை உண்டு, நம் ஊர்க்கூட்டம் மாதிரி. மரக்கழிகளை அரைவட்டமாக நட்ட திடலில் ஜனங்கள் உட்கார்ந்து தலைவனை முகத்துக்கு நேரே குறை சொல்லலாம், அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில்தான் பேச வேண்டும். 'மக்களால்தான் தலைவன் தலைவன்' என்பது அவர்கள் பழமொழி.

சியரா லியோனில் 1968 முதல் 1985 வரை சியாக்கா ஸ்டீவன்ஸின் ஆட்சி. வைர வருமானம் அவருக்கும் வேண்டியவர்களுக்கும் போனது, ரயில் பாதையை மூடினார்கள், 1978-ல் ஒரே கட்சி ஆட்சி என்றானது. 1991-ல் மூண்ட உள்நாட்டுப் போர் 2002 வரை எரிந்தது, அதற்கு எண்ணெய் ஊற்றியதும் வைரம்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சியரா லியோனின் கோனோ பகுதியில் வைரம் ஆற்று மணலில் கிடக்கிறது, இடுப்பளவு சேற்றில் நின்று மண்வெட்டியும் சல்லடையும் வைத்தே எடுத்துவிடலாம், அதனால் துப்பாக்கி வைத்திருப்பவன் சுலபமாகப் பறித்துக்கொள்ளலாம். போட்ஸ்வானாவில் அது பாறைக்குள் ஆழத்தில் இருக்கிறது, பெரிய இயந்திரம் இல்லாமல் தொட முடியாது, காவல் காப்பதும் எளிது. இதை மறைத்துவிட்டு எல்லாம் அமைப்பின் பெருமை என்று எழுத எனக்கு மனசில்லை.

கேள்வி: அப்படியானால் போட்ஸ்வானாவில் இன்று குறையே இல்லையா? (அதே வாசகர்)

பதில்: நிறைய இருக்கிறது. படித்த பிள்ளைகளுக்கு வேலை இல்லை, ஏற்றத்தாழ்வு கடுமை, ஆய்வகத்தில் செய்யும் வைரம் வந்ததும் சந்தை சரிந்துவிட்டது, வைரத்தை விட்டால் வேறு பெரிய தொழிலை வளர்க்காதது பெரிய தப்பு. அந்தக் கோபத்தில்தான் 2024 அக்டோபரில், விடுதலை முதல் 58 வருடம் ஆண்ட கட்சியை மக்கள் தோற்கடித்தார்கள். ஜனாதிபதி மசீசி எண்ணிக்கை முழுதாக முடியும் முன்பே தோல்வியை ஒப்புக்கொண்டார், நவம்பர் 1-ம் தேதி எதிரணியின் டூமா போகோ பதவியேற்றார். தெருவில் ஒரு டாங்கி வரவில்லை.