டிமென்ஷியா வந்தவரை பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பது எப்போது? – கேள்வி பதில்

டிமென்ஷியா (அல்சைமர் போன்ற, நினைவும் தெளிவும் மங்கும் நோய்கள்) நோயாளிகள் பிரிவில் பல வருடங்கள் செவிலியராக வேலை பார்த்தவள் நான். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். மருந்தின் அளவு பற்றிக் கேட்டவர்கள் உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள்.

கேள்வி: அக்கா, அம்மாவுக்கு அல்சைமர். இப்போது என் பெயரே அவருக்கு வருவதில்லை. இல்லத்தில் சேர்க்க வேண்டிய கட்டம் இதுதானா?

பெயர் மறப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஞாபகப் பரிசோதனையில் வாங்கிய மதிப்பெண்ணை வைத்தும் வேண்டாம். மதிப்பெண் ரொம்பக் குறைந்தும் வீட்டில் நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. நன்றாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டு நடுராத்திரியில் கதவைத் திறந்து தெருவுக்குப் போய்விடுபவர்களும் உண்டு.

நான் முதலில் கேட்பது ராத்திரியைப் பற்றித்தான். எத்தனை தடவை எழுந்திருக்கிறார், கூட எழுந்திருப்பது யார், மறுநாள் அந்த ஆளின் நிலை என்ன? அப்புறம் அடுப்பு, மாத்திரை, வாசல் கதவு. கழிப்பறையில் உட்கார்ந்தவரை எழுப்ப இரண்டு பேர் தேவைப்பட்டு, வீட்டில் பகலில் ஒருவர்தான் இருக்கிறார் என்றால் பாதி பதில் கிடைத்துவிட்டது. இரண்டு வாரம் ஒரு நோட்டில் நேரம் போட்டு எழுதிப் பாருங்கள். ‘சமாளித்துவிடுகிறோம்’ என்பவர்கள் பலர் அந்த நோட்டைப் புரட்டிய பிறகுதான் யோசிக்கவே ஆரம்பிக்கிறார்கள்.

கேள்வி: ஒரு வாரத்தில் அப்பா ஆளே மாறிவிட்டார். இல்லாத ஆட்களோடு பேசுகிறார், கிட்டே போனால் அடிக்கிறார். உடனே சேர்த்துவிடலாம் என்கிறான் தம்பி.

தம்பியைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். அல்சைமர் இவ்வளவு வேகமாக ஓடாது. சில நாட்களிலேயே தலைகீழாக மாறினால் உடம்பில் வேறு ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். சிறுநீர்த் தொற்று, நெஞ்சில் சளி, மலச்சிக்கல், தண்ணீர் குடிக்காதது, சொல்லத் தெரியாத வலி, புதிதாக ஆரம்பித்த மாத்திரை என எதுவாகவும் இருக்கலாம். அலர்ஜிக்கும் சிறுநீரை அடக்கவும் கொடுக்கிற சில மாத்திரைகளே வயதானவர்களைக் குழப்பிவிடும். முதலில் மருத்துவரிடம் காட்டி, சிறுநீரையும் ரத்தத்தையும் பரிசோதியுங்கள். பலருக்கு இது பெருமளவு தணியும், அதற்குச் சில வாரங்கள்கூட ஆகலாம். இல்லத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.

இல்லாத ஆட்கள் தெரிவது ரொம்ப நாளாகவே இருந்து, நடையும் கை கால்களும் இறுகிப் போயிருந்தால் அதைத் தவறாமல் சொல்லுங்கள். லூவி பாடி என்ற வகை டிமென்ஷியாவாக இருந்தால், ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்துகள் ஆளையே சாய்த்துவிடலாம்.

கேள்வி: ‘எந்த நிலையிலும் ஹோமில் விடமாட்டேன்’ என்று அம்மாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன்.

அந்தச் சத்தியத்தில் இன்றைக்கும் காப்பாற்ற முடிகிற பங்கு எது என்று பாருங்கள். வாரத்தில் சில வேளை உங்கள் கையால் ஊட்டுவது, தலை வாரிவிடுவது, அவருக்காக அங்கே சண்டை போட ஒரு ஆள் இருப்பது. ராத்திரி முழுக்க விழித்திருந்து சிபிச் சக்கரவர்த்தி போல உங்களையே அறுத்துக்கொடுப்பது அதில் இல்லை. அம்மா அதைக் கேட்கவும் இல்லை.

கேள்வி: மாமியாரைப் பார்த்துக்கொள்வது நான். ‘அம்மா நல்லாத்தானே இருக்காங்க’ என்கிறார் கணவர். போன வாரம் மூன்றாவது தடவையாகப் படுக்கையை மாற்றும்போது மாமியார் மேல் கையை ஓங்கிவிட்டேன். நான் பாவியா அக்கா?

இல்லைம்மா. ஆனால் இதைச் சாதாரணமாகவும் விட முடியாது. ஓங்கிய கை அடுத்த முறை இறங்கக்கூடும், அது உங்கள் இருவருக்குமே ஆபத்து. என்னைக் கேட்டால், வாசல் கதவு திறந்து கிடப்பதும் இதுவும் ஒரே அளவு அவசரம்.

உங்கள் கணவர் பொய் சொல்லவில்லை. மகனோ விருந்தாளியோ வரும் நேரத்தில் நன்றாகப் பேசி சமாளிப்பது இந்த நோயில் வழக்கம்தான். அதனால் வாதம் செய்யாமல், ஒரு வாரம் ராத்திரி வேலை முழுவதையும் அவரிடம் விட்டுவிட்டு வேறு அறையில் படுங்கள். படுக்கை மாற்றுபவருக்குத்தான் இதில் முதல் வாக்கு என்பது என் கட்சி. தொலைபேசியில் யோசனை சொல்லும் சொந்தங்களுக்குக் கடைசி வாக்குகூட இல்லை. நேராக நிரந்தரமாகச் சேர்க்க வேண்டும் என்றும் இல்லை. பகல்நேரப் பராமரிப்பு மையம், சில வாரம் மட்டும் தங்கவைக்கும் வசதி இருந்தால் அதை முதலில் பாருங்கள். உங்களுக்கும் மருத்துவரிடம் போங்கள். பராமரிப்பவரின் சுமையை அளக்கவே ஸாரிட் என்ற 22 கேள்விகள் கொண்ட அளவுகோல் இருக்கிறது. தூக்கமின்மையும் மனச்சோர்வும் உங்களுக்கு வந்திருந்தால் அதற்குத் தனியாக வைத்தியம் உண்டு.

கேள்வி: இல்லத்துக்குப் பதில் வீட்டிலேயே ஆள் வைத்தால்?

வைக்கலாம். அந்த ஆள் வராத நாளுக்கு யார் என்ற பதில் கையில் இருந்தால்.

கேள்வி: இல்லத்தைப் பார்க்கப் போகும்போது எதைக் கவனிப்பது?

சாயங்காலம் போங்கள். பலருக்குப் பொழுது சாயும்போதுதான் பதற்றம் ஏறும். அந்த நேரத்தில் ஊழியர்கள் என்ன செய்கிறார்கள் என்பது காலையில் காட்டும் சுற்றுலாவில் தெரியாது. சாப்பாடு ஊட்டுபவர் பக்கத்தில் உட்கார்ந்து, விழுங்கியதைப் பார்த்து அடுத்த வாயைக் கொடுக்கிறாரா, நின்றபடி ஸ்பூனைத் திணிக்கிறாரா? நாற்காலியில் கட்டிவைத்திருக்கிறார்களா? ராத்திரி விழித்திருக்கும் ஊழியர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். ‘எந்த நிலை வந்தால் கூட்டிப்போகச் சொல்வீர்கள்?’ என்றும் கேளுங்கள். இதைக் கேட்காமல் சேர்த்துவிட்டுப் பிறகு அலைந்த குடும்பங்கள் நிறைய.

எல்லோரும் பகலிலேயே தூங்கி வழிந்தால் என்ன மருந்து கொடுக்கிறார்கள் என்று விசாரியுங்கள். மனநோய்க்கான சில மருந்துகள் டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரித்தது. தவிர்க்க முடியாமல் கொடுக்க வேண்டிவரலாம். ஆனால் காரணமும், எப்போது நிறுத்திப் பார்ப்பார்கள் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லலாமா மேடம்?

ஆரம்பக் கட்டம் என்றால் கட்டாயம். எப்படி வாழ விரும்புகிறார் என்று அவரிடமே கேளுங்கள். கையெழுத்து போடும் தெளிவு இருக்கும்போதே பத்திரங்களையும் முடித்துக்கொள்ளுங்கள். நோய் முற்றியவரிடம் ஒரு வாரம் முன்பே சொன்னால் விஷயம் மறந்துபோகும், கலக்கம் மட்டும் தங்கிவிடும். அன்றைக்குச் சொன்னால் போதும், இரண்டே வாக்கியத்தில்.

கேள்வி: சேர்த்து இரண்டு வாரம் ஆகிறது. ஒவ்வொரு முறையும் ‘வீட்டுக்குக் கூட்டிப் போ’ என்று அழுகிறார். தப்பு செய்துவிட்டோமா?

சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டே ‘வீட்டுக்குப் போகணும்’ என்று கேட்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பேச்சை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். வீட்டைப் பற்றிச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள், மறுக்காதீர்கள். கிளம்பும்போது நீளமாக விடைபெறாமல், அவருக்குச் சாப்பாடு வரும் நேரமாகப் பார்த்துக் கிளம்புங்கள். முதல் சில வாரங்கள் எல்லோருக்கும் சிரமம்தான்.

இடம் சரியில்லை என்று சொல்பவை வேறு: எடை குறைவது, காரணம் சொல்லாத கன்றல்கள், வெட்டாத நகம், எப்போது போனாலும் தூக்கம். மாதாமாதம் எடை பார்க்கிறார்களா என்று இந்த வாரமே கேட்டு, அந்த எண்ணைக் குறித்துவையுங்கள்.