எலெய்னின் நடனமும் எட்டு எம்மிகளும்

வணக்கம் சார். லீவில் ‘சைன்ஃபெல்ட்’ என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரை முழுக்கப் பார்த்து முடித்தேன். எலெய்னாக வரும் ஜூலியா லூயி-டிரைஃபஸுக்கு நடிப்புக்கு மட்டும் எட்டு எம்மி விருதாம், அமெரிக்க டிவி உலகின் பெரிய விருது. பெரிய பணக்கார அப்பா, மடியில் வந்து விழுந்த ஒரு ஹிட் தொடர். இதெல்லாம் அதிர்ஷ்டம்தானே?

வாசகி, மதுரை

வணக்கம். அப்பா பணக்காரர்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த எட்டில் எலெய்னுக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று, 1996இல். மீதி ஏழும் சைன்ஃபெல்ட் முடிந்து வருடக்கணக்கான பிறகு வந்தவை.

எலெய்னே மடியில் விழுந்த வேடமில்லை. 1982இல், 21 வயதில், ஜூலியா ‘சாட்டர்டே நைட் லைவ்’ என்ற டிவி நகைச்சுவை நிகழ்ச்சியின் குழுவில் சேர்ந்து மூன்று வருடம் இருந்தும் பெரிதாக எதுவும் அமையவில்லை. அங்கே பழக்கமான எழுத்தாளர் லாரி டேவிட் வழியாகத்தான் சைன்ஃபெல்ட் வந்தது, அதிலும் 1989இல் வந்த முதல் அத்தியாயத்தில் எலெய்ன் கிடையவே கிடையாது, ஒரு பெண் பாத்திரம் வேண்டும் என்று சேனல் கேட்ட பிறகு சேர்த்தார்கள்.

எலெய்ன் ஆடும் அந்த ஆபீஸ் பார்ட்டி நடனத்தை இன்னொரு முறை பாருங்கள். கட்டைவிரல் தூக்கி நிற்கிறது, கால் எங்கோ உதைக்கிறது, தலை பின்னால் வெட்டுகிறது, தாளம் பக்கத்தில்கூட இல்லை. முகத்தைப் பாருங்கள், தான் பிரமாதமாக ஆடுகிறோம் என்று எலெய்ன் முழுசாக நம்புகிறாள். கொஞ்சம் அழகாகவும் தெரிந்துவிடுவோம் என்று நடிகை ஒரு நொடி நினைத்திருந்தால் நமக்குச் சிரிப்பு வந்திருக்காது.

சைன்ஃபெல்ட் முடிந்த பிறகு 2002இல் ஜூலியா நடித்த ‘வாட்சிங் எல்லி’ தொடர் வந்தது, அடுத்த வருடமே ஊற்றி மூடிக்கொண்டது. சைன்ஃபெல்ட் நடிகர்களின் அடுத்த தொடர்கள் ஓடாது, அது ‘சைன்ஃபெல்ட் சாபம்’ என்று பத்திரிகைகள் எழுதின. 2006இல் ‘தி நியூ அட்வெஞ்சர்ஸ் ஆஃப் ஓல்ட் கிறிஸ்டின்’ தொடருக்கு விருது வாங்கிய மேடையிலேயே அந்தச் சாபப் பேச்சைத் திருப்பிக் கொடுத்தார்.

அவருடைய அடுத்த தொடரான ‘வீப்’ நீங்கள் பார்க்கவில்லை போலிருக்கிறது. அதில் ஜூலியா நடிக்கும் அமெரிக்கத் துணை அதிபர் செலினா மேயர் அடிக்கடி உதவியாளரிடம் கேட்பாள், “அதிபர் கூப்பிட்டாரா?” “இல்லை.” அவ்வளவுதான் வசனம். அந்த ‘இல்லை’க்குப் பிறகு ஜூலியாவின் முகத்தில் ஓடும் உணர்ச்சிகளுக்காகவே நான் சில அத்தியாயங்களைத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறேன். இந்த ஒரே வேடத்துக்கு 2012 முதல் 2017 வரை வரிசையாக ஆறு எம்மி.

ஆறாவதை வாங்கிய மறுநாள் மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. படப்பிடிப்பைத் தள்ளிவைத்தார்கள். சிகிச்சை முடித்துத் திரும்பி வந்து நடித்த கடைசி சீசன் 2019இல் வந்தது. அதில் செலினா முன்னைவிடக் கொடூரமானவள், யாரைப் பலி கொடுக்கிறாள் என்று இங்கே சொல்ல மாட்டேன். நோயிலிருந்து மீண்டவர் என்ற அனுதாபம் அந்தப் பாத்திரத்தின் மேல் துளிகூட ஒட்டாமல் பார்த்துக்கொண்டார்.