கழல மறுக்கும் போல்ட்டுகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் காயலான் கடைச் சாமான் பற்றியவை. நேராகக் கேள்விகளுக்குப் போகலாம்.

பழைய இன்ஜினின் மவுண்டிங் போல்ட் துருவேறி நிற்கிறது. டபிள்யூடி-40 அடித்துப் பத்து நிமிடம் காத்திருந்தும் அசையவில்லை. (ஓசூர்)

பத்து நிமிடம் எதற்குப் போதும்? மாலையில் ஊற்றுங்கள், காலையில் ஸ்பானர் வையுங்கள். டீசலில் மண்ணெண்ணெய் கலந்து ஊற்றினாலும் சரிதான். இடையிடையே போல்ட் தலையில் நேராகச் சுத்தியலால் தட்டுங்கள். அந்த அதிர்வில்தான் துரு விரிசல் விட்டு எண்ணெய்க்கு வழி கொடுக்கும். முதலில் இம்மியளவு இறுக்கிப் பார்த்துவிட்டு அப்புறம் தளர்த்துங்கள். ஆறு முனை சாக்கெட் மட்டுமே போடுங்கள். பன்னிரண்டு முனை சாக்கெட் துருவேறிய தலையை மழுக்கிவிடும்.

பழைய லாரியின் சக்கர நட்டு கழலவில்லை. பைப் மாட்டி மூன்று பேர் தொங்கியதில் ஸ்டட்தான் முறிந்தது. (நாமக்கல்)

எந்தப் பக்கச் சக்கரம் என்று எழுதவே இல்லையே! பல பழைய லாரிகளில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை, அதாவது வழக்கத்துக்கு எதிராக வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். அந்தப் பக்கம் என்றால் மூன்று பேரும் சேர்ந்து இறுக்கியிருக்கிறீர்கள். ஸ்டட் முனையில் ‘எல்’ என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். யமஹா வண்டிகள் பலவற்றில் வலப்பக்கக் கண்ணாடிக்கும் இடது மரைதான். பலத்தைக் காட்டும் முன் மரை எந்தப் பக்கம் என்று பாருங்கள். எத்தனை முறை எழுதுவது?

யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கின் கிராங்க்கேஸ் கவரின் ஸ்டார் ஸ்குரூக்கள் மழுங்கிவிட்டன. உளி வைத்துத் தட்டலாமா? (திண்டுக்கல்)

கூடாது. இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை, அதனால் விரிவாகவே சொல்கிறேன். 1996-இல் தயாரிப்பு நின்றுபோன வண்டி இது. நல்ல ஒரிஜினல் கவர் கேட்டுச் சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகச் சந்தையில் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். அங்கே கிடக்கும் கவர்களை எடுத்துப் பாருங்கள்: ஸ்குரூ குழியைச் சுற்றி உளித் தழும்பு, உடைந்த காது, நெம்பிய இடத்தில் பள்ளம். இவை ஓடிக் கெட்டவை அல்ல, கழற்றும் அவசரத்தில் கெட்டவை. பார்த்தால் வயிறு எரிகிறது.

தலை மழுங்கத் துரு மட்டும் காரணமில்லை. அந்த ஸ்குரூக்கள் ஜப்பானிய ஜேஐஎஸ் வகை. நம் கடைகளில் கிடைக்கும் ஸ்டார் டிரைவர் பிலிப்ஸ் வகை. அதன் நுனி அடியில் முட்டிக்கொள்ளும், பக்கங்கள் முழுதாகப் பிடிக்காது. திருகினால் மேலே ஏறி வழுக்கும். ஜேஐஎஸ் பிட் தேடி வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பிலிப்ஸ் பிட்டின் நுனியைக் கொஞ்சம் தேய்த்துக்கொள்ளுங்கள். கூடவே சுத்தியலால் அடிக்கும் இம்பாக்ட் டிரைவர் ஒன்று. அடி விழும்போதே பிட்டை உள்ளே அழுத்தித் திருப்பும்.

அதற்கு முன் கவரை ஹாட் ஏர் கன்னால் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாக்குங்கள். சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், பிடி தளரும். கேஸ் டார்ச் வேண்டவே வேண்டாம். அலுமினியம் இரும்பு மாதிரி சிவந்து காட்டாது, திடீரென்று உருகி விழும். தலை முழுக்கப் போய்விட்டதா? தலையை மட்டும் டிரில்லால் எடுத்துவிட்டுக் கவரைக் கழற்றுங்கள். இறுக்கம் போனபின், நிற்கும் தண்டைப் பிளையரால் பிடித்துத் திருப்பினாலே பெரும்பாலும் வந்துவிடும். திரும்ப மாட்டும்போது அல்லன் போல்ட், மரையில் துளி கிரீஸ். டிரில் செய்யும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

சைலன்சர் ஸ்டட் ஹெட்டுக்குள் முறிந்தது. முறிந்த தண்டைத் திருகி எடுக்கும் ஈசி அவுட் போட்டேன், அதுவும் உள்ளேயே உடைந்தது. (சேலம்)

துருவேறிய ஸ்டட்டுக்கு ஈசி அவுட் கடைசி வழி. அது கடினமான, எளிதில் ஒடியும் எஃகு. உடைந்தால் சாதாரண டிரில் பிட் அதைத் தொடக்கூட முடியாது. இனி மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் ஸ்பார்க் எரோஷன் மெஷின் வைத்திருக்கும் பட்டறைதான் கதி. அடுத்த முறை முறிந்த ஸ்டட் மேல் ஒரு நட்டை வைத்து, அதன் துளை வழியாக வெல்டு வைக்கச் சொல்லுங்கள். வெல்டிங் சூட்டிலேயே துருவின் பிடி விட்டுவிடும். ஆறியதும் ஸ்பானர் போட்டுக் கழற்றலாம்.

பழைய புல்லட்டில் 13-ம் வழுக்குகிறது, 14-ம் வழுக்குகிறது. (காரைக்குடி)

மில்லிமீட்டர் ஸ்பானரைக் கீழே வையுங்கள். அந்தக் கால புல்லட்டில் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அங்குல அளவு நட்டுகள் உண்டு. அதற்குரிய ஸ்பானர்தான் உட்காரும்.

கார் ஷாக் அப்சார்பர் போல்ட்டைச் சூடு காட்டிக் கழற்றலாமா? (மதுரை)

அழுத்த வாயு அடைத்த ஷாக் அப்சார்பர் வெடிக்கும். சூடு காட்டாதீர்கள். ஸ்பிரிங்கோடு சேர்ந்த ஸ்ட்ரட் என்றால், ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாமல் மேல்நடு நட்டையும் தொடாதீர்கள். ஸ்பிரிங் தெறித்தால் உயிருக்கே ஆபத்து.

கழற்றிய பழைய போல்ட்டுகளையே திரும்பப் போடலாமா? (திருச்சி)

பிரேக், ஸ்டீயரிங், கனெக்டிங் ராடுக்குக் கூடாது, புதிதுதான். சிவக்கச் சூடாக்கிய போல்ட்டும் எங்கேயும் ஆகாது, அதன் பலம் போயிருக்கும். மற்ற இடங்களுக்கு மரை சுத்தமாக இருந்தால் போடலாம். மாற்றுவதாக இருந்தால் பழைய தலையில் பலத்தைக் காட்டும் எண் 8.8, 10.9 என்று எது இருக்கிறதோ அதே எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கம்பி பிரஷ்ஷால் மரையைத் தேய்க்கும்போதும் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.