இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் நிஜமாகவே புத்தகம் படித்தார்களா? அதை எப்படிச் சுமந்தார்கள்?

படித்தார்கள், நிறையவே. ஆனால் அதற்குப் புத்தகத்தின் வடிவத்தையே மாற்ற வேண்டியிருந்தது.

1942-43இல் பொதுமக்களிடமிருந்து பழைய புத்தகங்களைத் திரட்டி அனுப்பிப் பார்த்தார்கள். ஒரு கோடிக்கு மேல் சேர்ந்தது. ஆனால் பாதிக்கு மேல் கெட்டி அட்டை, நல்ல கனம். வீட்டில் வேண்டாமென்று கழித்ததும் அதில் கலந்து வந்தது. பயிற்சி முகாம் நூலகத்துக்கு அது போதும். மூட்டை முடிச்சோடு நடப்பவனுக்கு ஆகாது.

1943இல் பதிப்பாளர்கள் கூட்டாக 'ஆர்ம்டு சர்வீசஸ் எடிஷன்ஸ்' (படையினருக்கான பதிப்புகள்) வரிசையைத் தொடங்கினார்கள். சூட்சுமம் அச்சில் இருந்தது. பத்திரிகை அடிக்கும் ரோட்டரி இயந்திரத்தில், ஒரே தாளில் மேலே ஒரு நூல், கீழே இன்னொரு நூல் என்று அடித்து, நடுவே குறுக்காக வெட்டினார்கள். அதனால்தான் இவை உயரத்தைவிட அகலம் கூடியவை: சின்னது 5½ x 3⅞ அங்குலம், பெரியது 6½ x 4½. சீருடைப் பைக்குள் அடங்கிவிடும். இதில் ஒரு தொல்லையும் உண்டு: ஜோடி சேர்க்கும் இரண்டு நூல்களும் ஏறக்குறைய ஒரே பக்க அளவில் இருக்க வேண்டும். மிக நீளமான சிலவற்றைச் சுருக்கியே போட்டார்கள். பெரும்பாலானவை முழு நூல்கள்தான்.

செய்தித்தாள் போலப் பக்கத்தை நெடுக்காக இரண்டு பத்தியாகப் (காலம்) பிரித்து அச்சடித்தார்கள். வரி குட்டையாக இருப்பதால் மங்கிய வெளிச்சத்திலும் ஆடும் கப்பலிலும் கண் வரியைத் தவறவிடாது. பசிபிக் தீவுகளின் ஈரத்தில் பசை இளகும், பூச்சி வேறு அரிக்கும் என்பதால் கம்பி முள் (ஸ்டேப்ளர் பின்) அடித்தார்கள். இன்று கிடைக்கும் பிரதிகளில் அந்த முள்தான் துருப்பிடித்துத் தாளைக் கெடுக்கிறது. வாங்குபவர்கள் முதலில் அதைப் பாருங்கள்.

ஒரு பிரதிக்கு அடக்கச் செலவு சுமார் 6 சென்ட். உரிமத்தொகை 1 சென்ட். அதையும் எழுத்தாளரும் பதிப்பாளரும் பங்கிட்டுக்கொண்டார்கள். 1947இல் நிறுத்தும்வரை 1,322 வெளியீடுகள், 12 கோடிக்கு மேற்பட்ட பிரதிகள். சிப்பாய்க்கு இலவசம்.

எதைப் படித்தார்கள்? சமகால நாவல், நகைச்சுவை, துப்பறியும் கதை, கௌபாய் கதை, இவற்றுக்குத்தான் கிராக்கி. கவிதையும் வரலாறும்கூடப் போயின. ஒரு பிரதி பல கை மாறும். 1944இல் பிரான்சின் நார்மண்டி கரையில் தரையிறங்கக் கப்பலேறக் காத்திருந்த முகாம்களிலும் விநியோகித்தார்கள். மருத்துவமனையில் படுத்திருப்பவர் ஒற்றைக் கையால் பிடிக்க முடிந்ததும் பெரிய வசதி.

தேர்வில் அரசியலும் நுழைந்தது. 1944 தேர்தலை ஒட்டி வந்த சட்டம், அரசியல் வாசனை அடிக்கும் நூல்களை அரசு விநியோகிக்கத் தடை போட்டது. பதிப்பாளர்கள் கூச்சல் போட்ட பிறகு அதே ஆண்டு தளர்த்தினார்கள்.

எஃப். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் 'தி கிரேட் கேட்ஸ்பி' நாவலைக் காப்பாற்றியதே சிப்பாய்கள்தான் என்று அடிக்கடி எழுதுகிறார்கள். 1925இல் 25,000 பிரதிகளைக்கூடத் தொடாத நாவல், இந்த வரிசையில் 1,55,000 அடிக்கப்பட்டது உண்மை. ஆனால் அது வந்தது 1945இல். பதுங்குகுழியில் படித்தவர்களைவிட, ஊர் திரும்பக் கப்பலுக்குக் காத்திருந்தவர்களே அதை அதிகம் படித்திருப்பார்கள் என்பது என் கணிப்பு.