கேள்வி பதில்: மனைவியை அடிக்கும் ஆணின் மூளை

துணையைத் துன்புறுத்தும் ஆண்களின் மூளையைப் பற்றி வந்த கேள்விகளுக்கு, நரம்பு உளவியல் படித்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். எல்லாக் கேள்விக்கும் ஒரே எச்சரிக்கை பொருந்தும்: இந்த ஆய்வுகள் சில பத்து பேரை வைத்து எடுத்த குழுச் சராசரிகள். எந்தத் தனிமனிதரையும் இவற்றால் அடையாளம் காட்ட முடியாது.

இந்த ஆய்வுகளில் பேசப்படும் ‘மூளை இணைப்பு’ என்றால் நரம்புகளை எண்ணுவதா?

இல்லை. ஸ்கேன் கருவிக்குள் ஒருவர் சும்மா படுத்திருக்கும்போதும் மூளையின் பல பகுதிகளில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு மெல்ல ஏறி இறங்கும். எந்தப் பகுதிகள் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்று கணக்கிடுவதுதான் இணைப்பு ஆய்வு.

மனைவியை அடிப்பவர்களுக்குப் பிறர் மனம் புரியாது என்கிறார்களே?

ஒரு பகுதி உண்மை. கண்களை மட்டும் காட்டும் 36 படங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு சொற்கள். அந்தக் கண்களில் தெரியும் உணர்வு எது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். ஸ்பெயினின் வாலென்சியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தச் சோதனையை வைத்தபோது, துணையைத் தாக்கிய ஆண்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே சரியாகச் சொன்னார்கள். ஆனால் குறைவு என்பது புரியவே இல்லை என்று ஆகாது.

புரியாது என்றால் மேலதிகாரியிடம் மட்டும் எப்படிப் பணிவாக நடக்கிறான்?

இன்றைக்கு வந்ததில் மிகக் கூர்மையான கேள்வி. ஸ்பெயினின் கிரனாடா பல்கலைக்கழகக் குழு இதைத்தான் தொட்டது. துணையைத் தாக்கியவர்களைப் பிற குற்றவாளிகளோடு ஒப்பிட்டார்கள். அதனால் வேறுபாட்டைப் பொதுவான குற்றத்தன்மையின் மேல் போட்டுவிட முடியாது. விருந்துக்கு மனைவி குட்டைப்பாவாடை அணிந்து வர அனுமதிப்பீர்களா என்பது போன்ற சிக்கல்களை முன்வைத்தார்கள். பிறர் மனத்தை எண்ணிப் பார்க்கவும் நம்மை நாமே அலசவும் உதவும் பகுதிகளைக் கொண்ட ‘இயல்புநிலை வலைப்பின்னல்’, துணை தொடர்பான இந்த முடிவுகளின்போது அவர்களிடம் செயல்படவில்லை. திறன் இருக்கிறது, மனைவி என்று வரும்போது அதை எடுப்பதில்லை என்றே நான் இதைப் படிக்கிறேன்.

பழகிப்போன ஆதிக்கத்துக்கு மூளைப் படம் எதற்கு? இதையெல்லாம் எங்கள் பாட்டிகளே சொல்லிவிட்டார்கள்.

பாட்டிகள் கண்டது சரிதான். ஆனால் நீங்கள் ஆதிக்கத்தையும் மூளையையும் எதிரெதிரே நிறுத்துகிறீர்கள். சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த ‘அவள் என் சொல்படி நடக்க வேண்டியவள்’ என்ற எண்ணம் குடியிருப்பதும் மூளையில்தான். படத்தில் ஒரு வேறுபாடு தெரிந்தால் அது பிறவிக்குறை என்று பொருளல்ல. ஆண்டுக்கணக்கான பழக்கத்தின் தடமாகவும் இருக்கலாம். ஒரே ஒருமுறை எடுத்த ஸ்கேன் எது முந்தியது என்று சொல்லாது.

மூளைக்குறை என்றால் அவனைத் தண்டிப்பது நியாயமா?

மேலே உள்ள பதிலைப் படியுங்கள். அது குறை என்று நான் சொல்லவில்லை.

நோயாளியாகக் கருதி மன்னிக்கலாமே?

இதே கேள்வி வேறு வடிவில் பலமுறை வந்துவிட்டது. ஆளையும் இடத்தையும் பார்த்துக் கை ஓங்குகிறவன் தன்னைக் கட்டுப்படுத்தத் தெரிந்தவன்.

குடிதான் காரணமா?

குடி கட்டுப்பாட்டைத் தளர்த்தும், அடியைக் கொடியதாக்கும். குடிக்காமல் அடிப்பவர்களும் ஏராளம்.

இவர்கள் மாறுவார்களா?

சிலர். ஸ்பெயினில் 2004ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, தண்டனை நிறுத்திவைக்கப்பட்ட ஆண்களை நீதிமன்றங்கள் கட்டாயப் பயிற்சிக்கு அனுப்புகின்றன. வாலென்சியாவில் ஒவ்வொருவருக்கும் தனி இலக்கு வகுத்து, அதைத் தொடர்ந்து கவனித்த குழுவில் பாதியில் விலகியோர் குறைந்தனர். உடல் வன்முறையும் குறைந்ததாக அந்த ஆண்களே தெரிவித்தனர். அவர்கள் வாய்மொழி என்பதை மறக்க வேண்டாம்.

என் கணவருக்கு ஸ்கேன் எடுத்தால் தெரியுமா?

தெரியாது, அம்மா. அதற்குப் பணம் செலவழிக்காதீர்கள். தமிழ்நாட்டில் இருந்தால் 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழையுங்கள். அவர் உங்கள் கைப்பேசியைச் சோதிப்பவர் என்றால், நம்பகமான வேறொருவரின் கைப்பேசியிலிருந்து பேசுங்கள். உடனடி ஆபத்து என்றால் 112.